சைடுகாரில் கட்டின பச்சைத்தோல்

மோட்டார் சைக்கிள்ல ஏறினா எங்க விழுந்து மண்டை உடையுமோன்னு பயப்படுறவங்க உண்டு. எனக்கு அந்த பயம் கிடையாது. எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் மேலதான். அவர் என்னை அடிச்சதில்ல, திட்டினதும் இல்ல. ஆனாலும் காலையில அவர் செருப்புச் சத்தம் ஷெட்டுப் பக்கம் கேட்டாலே துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பிச்சுடுவேன். இன்னிக்கும் அந்தச் சத்தத்தை நினைச்சா கை துணியைத் தேடத்தான் செய்யுது.

ஆம்பூர்ல தோல் பதனிடுற ஒரு டேனரிக்கு அவர் மேனேஜர். எல்லாரும் சாயபுன்னுதான் கூப்பிடுவோம். தோல் வாங்க, சந்தை பார்க்க, ஏஜெண்டுங்களைப் பார்க்கன்னு அவருக்கு ஊர் ஊராப் போற வேலை. அதுக்காக, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைகிட்டேர்ந்து இடது பக்கம் ஒரு ஆள் உட்கார சைடுகார் வச்ச மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கினாரு. அந்தச் சுத்துவட்டாரத்துல அப்போ அந்த மாதிரி வண்டி நாலோ அஞ்சோதான் இருக்கும். நான் அதுக்கு முன்னாடி வேலூர்ல ஒரு சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டி, சக்கரம் கோட்டம் எடுத்துக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம். வண்டியைப் பார்த்துக்க ஆள் வேணும்னு சொன்னாங்க, போனேன். டேனரி ஆளுங்க குடியிருக்கிற லைன்லயே ஒரு வீடும் குடுத்தாங்க. எனக்கு முன்னாடி அந்த வண்டியைத் துடைச்சவன் டேங்கைச் செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சு பெயிண்டைக் கெடுத்தானாம். அன்னிக்கே அவன் கணக்கைத் தீர்த்துட்டாங்கன்னு சேர்ந்த முதல் நாளே ஒருத்தன் வந்து என் காதுல போட்டுட்டான். நல்ல மனுஷன், போற போக்குல என் தூக்கத்தைக் கெடுத்துட்டுப் போய்ட்டான்.

வேலையில நான் சோம்பேறி இல்ல. சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டி துரைகிட்ட இருந்ததை விட என்கிட்ட நல்லா இருந்துச்சு. டேனரியில எந்நேரமும் சுண்ணாம்புத் தூள் பறக்கும். டேங்கு மேல அது படிஞ்சிருக்கும்போது காய்ஞ்ச துணியால தேய்ச்சா கோடு கோடாக் கீறிடும். அதனால முதல்ல தண்ணி ஊத்தி இறக்கிட்டு, அப்புறம் ஈரத்துணி, அப்புறம்தான் காய்ஞ்ச துணி. பளபளன்னு இருக்கிற பாகத்துக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தொட்டும் தொடாமலும் தடவி வைப்பேன். செயினைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, அழுக்கு போனதும் மாட்டுக் கொழுப்பு காய்ச்சி அதுல முக்கி எடுத்துத் தொங்கவிடுவேன். கண்ணி கண்ணியா உள்ள இறங்கிடும், ஒரு மாசத்துக்குச் சத்தமே வராது. மட்கார்டு நசுங்கினா அடியில மணல் பை வச்சு மரச் சுத்தியால தட்டித் தட்டி நிமிர்த்துவேன். இரும்புச் சுத்தி பட்டா தகடு விரிஞ்சுபோகும், அப்புறம் அது ஜென்மத்துக்கும் படியாது.

பெயிண்ட் உதிர்ந்த இடத்துக்கு எங்ககிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. ஆவாரம்பட்டைத் தண்ணி இரும்புல பட்டா கறுத்துப்போகும். அதுக்காகத்தான் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்துற பட்டைத் தொட்டிக்கிட்ட ஒரு ஆணியைக் கூட விடமாட்டாங்க, தோல்ல மை கொட்டின மாதிரி கறை விழுந்துடும். நான் அதையே திருப்பிப் போட்டேன். துரு பிடிச்ச இடத்தைச் சுரண்டிட்டுப் பட்டைத் தண்ணியை ரெண்டு மூணு தரம் தடவினா, துரு அப்படியே கறுத்து நின்னுடும். மேல எனாமல் அடிச்சா புதுசு மாதிரி இருக்கும். சாயபு ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டு, நல்லா இருக்குன்னாரு. அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு வாரம் வச்சு ஓட்டினேன்.

தப்பு நடந்தது சைடுகார்ல.

சைடுகார் காலியா இருந்தா இடது பக்கம் திரும்புறப்போ அது தூக்கும். வேகமாத் திரும்பினா வண்டியே கவுந்துடும். அதுக்காக ஆள் இல்லாதப்போ கனத்துக்கு ஒரு மூட்டை போட்டு வைக்கணும். சாயபு முதல் நாளே சொன்னாரு, பாலாத்து மணல் ஒரு மூட்டை அள்ளிவந்து போடுன்னு. ஆறு கூப்பிடு தூரம். மணலுக்கு அங்க என்ன பஞ்சமா? ஆனா அன்னிக்கு சித்திரை வெயில், மணி பன்னண்டு. ஷெட்டுக்கு அடுத்த கதவு உப்பு கிடங்கு. தோல் கெடாம இருக்க உப்பு போட்டு அடுக்குவாங்க, அதனால மூட்டை மூட்டையா அங்க உப்பு கிடக்கும். கனம் கனம்தானே, மணலா இருந்தா என்ன, உப்பா இருந்தா என்னன்னு ஒரு மூட்டையை இழுத்துப் போட்டேன். மேல கான்வாஸ் மூடினேன். என் புத்தி போன போக்கைப் பாருங்க. நாள் முழுக்க உப்போட புழங்குறவங்க நாங்க. தோலை உப்பு காப்பாத்துறதைப் பார்த்துப் பார்த்து, அது எதையும் கெடுக்கும்ங்கிற நினைப்பே எனக்கு வரல.

ஆடி ஆவணியில மழை வந்துச்சு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டுக் கசிய ஆரம்பிச்சிருக்கு. எனக்குத் தெரியாது. மூட்டை மேல மூடியிருந்த கான்வாஸை நான் தூக்கவே இல்ல. அடிப்பக்கம் குனிஞ்சு துடைக்கவும் இல்ல. கண்ணுக்குத் தெரியுற இடத்தைத்தான் துடைப்பேன், சாயபு பார்க்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி துடைப்பேன்.

புரட்டாசியில சாயபு மூணு நாள் மெட்ராசுக்கு ரயில்ல போயிருந்தாரு. சரி, சாவகாசமா எல்லாத்தையும் சுத்தம் பண்ணலாம்னு மூட்டையைத் தூக்கினேன். அடிச்சாக்கு இத்துப்போய் கையோட வந்துச்சு. கீழ பலகை ஈரமா, வெள்ளை பூத்துக் கிடந்துச்சு. பலகைக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து, சைடுகாரை வண்டியோட சேர்த்துப் பிடிக்கிற முன்பக்கக் குழாய். அதுல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி இருந்துச்சு. ஒரு கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியால சும்மா தொட்டேன். நுனி உள்ள போய்டுச்சு. குழாய்க்கு அந்தப் பக்கமும் வந்துடுச்சு.

அப்படியே கீழ உட்கார்ந்துட்டேன். அந்தக் குழாய் ஓடுற ஓட்டத்துல விட்டுப்போச்சுன்னா சைடுகார் மூக்கு தரையில குத்தும். வண்டி அதைச் சுத்திக்கிட்டு கவுழும். மேல இருக்கிறவன் எங்க போய் விழுவான்னு கடவுளுக்குத்தான் தெரியும். இது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா உண்மையைச் சொல்றேன், அங்க உட்கார்ந்துக்கிட்டு நான் முதல்ல நினைச்சது அதை இல்ல. சாயபு மூட்டையைப் பார்த்து, இது என்ன உப்புன்னு கேட்பாரே, நான் என்ன பதில் சொல்வேன்னுதான் நினைச்சேன்.

ஒழுங்கா செய்யணும்னா வழி இருந்துச்சு. காட்பாடி ஜங்ஷன் பக்கத்துல ஒரு பட்டறையில பித்தளை வச்சு ஊதி ஒட்டுவாங்க. இல்லன்னா புதுக் குழாயே வளைச்சுக் குடுப்பாங்க. ஆனா சைடுகாரைக் கழட்டி மாட்டு வண்டியில ஏத்திப் போய் வர நாலஞ்சு நாள் ஆகும். சாயபு மூணாவது நாள் வந்து நிப்பாரு. அதனால நான் எங்க ஆளுங்க செய்யுற வேலையைச் செஞ்சேன். மாட்டு வண்டியில மாட்டைப் பூட்டுற ஏர்க்கால் விரிஞ்சுபோச்சுன்னா எங்க பக்கத்துல ஆசாரியைத் தேட மாட்டாங்க. சுண்ணாம்புல போட்டு மயிர் எடுத்து, இன்னும் பட்டைத் தொட்டிக்குப் போகாத பச்சைத்தோலை ஈரத்தோட இழுத்துச் சுத்தித் தைச்சு வெயில்ல விட்டுடுவாங்க. காயக் காய அது சுருங்கி, இரும்புப் பட்டை போட்ட மாதிரி இறுக்கிக்கும். எத்தனையோ வண்டி அப்படி வருஷக்கணக்குல ஓடியிருக்கு.

எருமைப் பச்சைத்தோல்ல நல்ல முதுகுப் பக்கமாப் பார்த்து ஒரு துண்டு அறுத்துவந்தேன். குழாயைச் சுத்தி மூணு சுத்து. தோல் வாராலயே தையல். வாய் ஓரத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்து இழுத்துத் தைச்சேன். யாராவது வந்து என்னப்பா பண்றேன்னு கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு ஒவ்வொரு தையலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளையா ரெண்டு நாள் நல்ல வெயில் அடிச்சுது. மூணாம் நாள் காலையில சுத்தியால தட்டினேன், டங்குன்னுச்சு. சைடுகாரைத் தூக்கிக் குலுக்கினேன், அசையல. மேல ரெண்டு கை கறுப்பு எனாமல் அடிச்சேன். எனக்கே அது தோல்னு தெரியல. குழாய்க்கு அடிப்பக்கம் மட்டும் பிரஷ் எட்டல. அங்க பெயிண்ட் சரியா ஏறல. யார் குனிஞ்சு பார்க்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்.

பச்சைத்தோல் தண்ணி பட்டா மறுபடி இளகும். டேனரியில வேலை செய்யுற எவனும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வான். எனக்கு மட்டும் தெரியாதா? தெரியும். மரத்துக்கு இறுகின மாதிரி ஓட்டை விழுந்த குழாய்க்கு அது தாங்காதுன்னும் தெரியும். மழைக்கு முன்னாடி எப்படியாவது சொல்லிடலாம்னு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்குச் சொல்றது கஷ்டமாயிருக்கு, அடுத்த வாரம் சொன்னா சுலபமாயிருக்கும்னு நினைக்கிற ஜாதி நான்.

சாயபு மெட்ராஸ்லேர்ந்து வந்த மறுநாள் காலையில எட்டு மணிக்கே ஷெட்டுக்கு வந்துட்டாரு. பேரணாம்பட்டு போகணுமாம். கையுறை மாட்டிக்கிட்டே சைடுகாருக்குள்ள எட்டிப் பார்த்தாரு. காலி. பயத்துல உப்பைக் கொண்டுபோய்க் கொட்டின எனக்கு, அந்த இடத்துல ஒரு மணல் மூட்டை போடணும்னு தோணவே இல்ல.

மூட்டை எங்கன்னு கேட்டாரு. கிழிஞ்சுபோச்சு சாயபுன்னேன். இதோ ஓடிப்போய் மணல் அள்ளிட்டு வர்றேன்னு கிளம்பினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, நேரமாச்சு, நீயே ஏறு, ஒரு மூட்டைக் கனம் நீ இருக்க மாட்டியான்னு சிரிச்சாரு. அவர் சிரிச்சு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரிச்சேன். பல்லெல்லாம் வறண்டுபோய் உதடு ஒட்டிக்கிச்சு.

ஏறி உட்கார்ந்தேன். நான் கட்டின கட்டு என் வலது கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி வெளிய இருந்துச்சு. வழி பூரா நான் வேற எதையும் பார்க்கல. ரோட்டுல ஒரு கல்லு தட்டினா என் உசுரு போய் வரும். ஒவ்வொரு தரமும் கட்டு அசைஞ்சுதா இல்லையான்னு பார்ப்பேன். அசையல. அசையாதது இன்னும் பயமா இருந்துச்சு, எப்போ அசையுமோன்னு.

பாலாத்துல வண்டி புதையாம இருக்க கோரையும் தென்னை மட்டையும் பரப்பித் தடம் போட்டிருப்பாங்க. நடுவுல கணுக்கால் அளவு தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. சாயபு வேகத்தைக் குறைக்காம விட்டாரு. தண்ணி ரெண்டு பக்கமும் அடிச்சுது. என் வேட்டி நனைஞ்சுது, முகம் நனைஞ்சுது. கட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சுது. நான் கையால அதைத் துடைக்கக் குனிஞ்சேன். ஒழுங்கா உட்காருன்னு சாயபு சத்தம் போட்டாரு. உட்கார்ந்தேன்.

பேரணாம்பட்டுல தோல் மண்டிக்கு முன்னாடி வண்டியை நிறுத்திட்டு, பார்த்துக்கோன்னு சொல்லிட்டு அவர் உள்ள போய்ட்டாரு. அவர் முதுகு மறைஞ்சதும் நான் ரோட்டுல மண்டி போட்டு உட்கார்ந்து கட்டோட அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால அழுத்தினேன். பெயிண்ட் ஏறாத இடத்துல விரல் லேசா அமுங்கிச்சு. மேல இன்னும் கெட்டிதான். வானத்தைப் பார்த்தேன். ஆந்திராப் பக்கத்து மலை மேல மழைக் கருக்கல் கட்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

எதிர்ல மளிகைக் கடையில சணல் கயிறு, ரெண்டு கை விரிச்ச நீளத்துக்கு ஒரு பாகம் வாங்கினேன். தோல் மேல ரெண்டு சுத்து சுத்தியிருப்பேன், மண்டி வாசல்ல சாயபு குரல் கேட்டுச்சு. கயிறை உருவி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஏன் உருவினேன்? அங்கேயே சொல்லியிருக்கலாமே? கயிறைக் கையில வச்சுக்கிட்டு, சாயபு இப்படி இப்படின்னு ரெண்டு வார்த்தை. சட்டைக்குள்ள கயிறு குத்திக்கிட்டு இருக்க, நான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி டேங்கைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்.

சாயபு தனியா வரல. அவர் பொண்ணு 'அத்தா, அத்தா'ன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. ஆறு வயசு இருக்கும். அம்மாவோட பிறந்த மாமா வீடு பேரணாம்பட்டுல. பத்து நாளா அங்க இருந்துச்சாம், அதைக் கூட்டிப் போகத்தான் சாயபு வந்ததே. பச்சைப் பாவாடை, தலையில எண்ணெய் வழிய வாரின பின்னல். சைடுகாரைப் பார்த்ததும் துள்ளிக் குதிச்சுது.

பாப்பா உங்க பின்னாடி உட்காரட்டுமே சாயபுன்னு எப்படியோ சொன்னேன்.

"பின்னாடி உட்கார்ந்தா தூங்கி விழுந்துடும். உன் மடியில வச்சுப் பிடிச்சுக்கோ. நீ இருக்கிறப்போ எனக்கு இன்னா கவலை?" அப்படின்னாரு.

அந்த வார்த்தை கேட்டப்போவாவது வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. குழந்தையைத் தூக்கி என் மடியில வச்சாரு. நான் ரெண்டு கையாலயும் அதோட இடுப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி கிளம்பிச்சு.

ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள தூறல் விழுந்துச்சு. சாயபு தொப்பியை இழுத்துவிட்டுக்கிட்டு வேகம் கூட்டினாரு, மழைக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டணும்னு. குழந்தைக்கு மழை குஷி. என் கன்னத்துக்குக் கீழ தலையை வச்சுக்கிட்டு என்னென்னமோ பேசுது. மாமா வீட்டு ஆடு குட்டி போட்டதாம், மூணு குட்டியாம், ஒண்ணு கறுப்பாம். நான் ஊம் ஊம்னு சொன்னேன். என் கண்ணெல்லாம் கட்டு மேல. கறுப்பு எனாமல்ல முடி மாதிரி ஒரு கோடு விழுந்துச்சு. அப்புறம் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினப்போ இன்னொரு கோடு. கோட்டுக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சுது.

எனக்கு மனசுக்குள்ள கணக்கு ஓடுது. வண்டி கவுந்தா நான் குழந்தையை எந்தப் பக்கம் தூக்கிப் போடணும்? இடது பக்கம் புளிய மரம், வலது பக்கம் அவர். அடியில போட்டுக்கிட்டு நான் மேல படுத்துடணுமா? இதையெல்லாம் யோசிச்சேன். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை கத்தலாம்ங்கிறது மட்டும் யோசனையில வரவே இல்ல. மடியில ஒரு பச்சைக் குழந்தை உசுரை வச்சுக்கிட்டு, அப்பவும் எனக்கு அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துதான் பயம்னா, நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

குழந்தை மடியிலேர்ந்து கொஞ்சம் சறுக்கி இறங்கிக் காலை வெளிய நீட்டினது அப்போதான். செருப்பில்லாத சின்னக் கால். விளையாட்டா கட்டைவிரலால கட்டு மேல அழுத்திச்சு. அமுங்கிச்சு. மறுபடி அழுத்திச்சு. திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, இது மெத்துன்னு இருக்கு. ஆடுது பாரு" அப்படின்னுச்சு.

என்ஜின் சத்தத்துல அவருக்குக் கேட்கல. கேட்டுடுமோன்னு அவர் பக்கம் பார்த்தேன். நான் குனிஞ்சு அதோட காதுல சொன்னேன்.

"அத்தாகிட்ட சொல்லாத. சொன்னா மாமாவை அடிப்பாங்க."

குழந்தை என் மூஞ்சியைப் பார்த்துச்சு. காலை மெதுவா மடக்கி உள்ள இழுத்துக்கிச்சு. ஆடு, குட்டி எல்லாம் நின்னுபோச்சு. என் கட்டைவிரலைத் தன் கை முழுசாலயும் பிடிச்சுக்கிச்சு. அதோட கண்ணும் இப்போ கட்டு மேலதான். என்ன ஆகப்போகுதுன்னு அதுக்குத் தெரியாது, ஏதோ ஆகப்போகுதுன்னு மட்டும் தெரியும். அதோட உடம்பு நடுங்குறது என் வயித்துல தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் முன்னாடி மழையைப் பார்த்துச் சிரிச்ச குழந்தை. என்கிட்ட இருந்த பயத்தை எடுத்து நான் அதுக்குக் குடுத்துட்டேன்.

ஆத்துக்கு இறங்குற சரிவு வந்துச்சு. சரிவுல வண்டி முன்பக்கம் சாஞ்சதும் கட்டு இழுபட்டு ஒரு தையல் பிரிஞ்சுது. குழந்தை சத்தம் போடல. என் விரலை மட்டும் நசுக்கிச்சு. அது தாங்கல எனக்கு. எட்டி சாயபு கோட்டைப் பிடிச்சு இழுத்து, நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினேன்.

அவர் பிரேக்கைப் போட்டாரு. வண்டி சேத்துல வழுக்கிக்கிட்டே போய் நின்னுச்சு. நின்ன மாத்திரத்துல குழாய் படக்குன்னு விட்டுச்சு. சைடுகார் மூக்கு மண்ணுல குத்தி, நானும் குழந்தையும் முன்னாடி சரிஞ்சோம். என் முழங்கால் சிராய்ச்சுது, குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. சரிவோட கடைசியில இன்னும் இருபது அடியில பாறை.

சாயபு இறங்கினாரு. முதல்ல குழந்தையைத் தூக்கித் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாரு. அப்புறம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து குழாயைப் பார்த்தாரு. தொங்கிக்கிட்டு இருந்த தோலைப் பிடிச்சுப் பிழிஞ்சாரு. தண்ணி வந்துச்சு. கறுப்புப் பெயிண்ட் உள்ளங்கையில செதில் செதிலா ஒட்டிக்கிச்சு. வருஷக்கணக்காத் தோல் பார்க்கிற மனுஷன், அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

நான் எல்லாத்தையும் சொன்னேன். மணல் சொன்னதுக்கு உப்பு போட்டது, மூணு நாள்ல தைச்சது, பெயிண்ட் அடிச்சது, கயிறு வாங்கினது. சட்டைக்குள்ளேர்ந்து கயிறை எடுத்துக் காட்டவும் செஞ்சேன். மழையில நின்னுக்கிட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இவ்வளவு சுலபமாவா இருந்துச்சு இதுன்னு இருந்துச்சு எனக்கு. அவர் குறுக்க பேசாம கேட்டாரு. கடைசியில தலையை ஆட்டினாரு. காட்பாடிக்கு அனுப்பிடலாம், ஊதி ஒட்டிடுவாங்க, நிறுத்தினியே அது போதும்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. வேலை போகல, லைன் வீடு போகல. இதுக்கா நாலு நாள் செத்துச் செத்துப் பொழைச்சேன்?

அப்புறம் அவர் குழந்தை பக்கம் திரும்பினாரு. சும்மா, அதைத் தேத்துறதுக்குத்தான் கேட்டாரு.

"நீ பயந்துட்டியாம்மா? இது ஆடினதை நீ பார்த்தியா?"

குழந்தை அவரைப் பார்க்கல. என் மூஞ்சியைப் பார்த்துச்சு. நான் தலையை ஆட்டி, சொல்லும்மா, சொல்லுன்னேன். அது நம்பல. உதட்டை இறுக்கிக்கிட்டு, "நான் பாக்கல அத்தா" அப்படின்னுச்சு. அப்புறம், யாரும் கேட்காமலே, "மாமா ஒண்ணும் சொல்லல" அப்படின்னும் சொல்லிச்சு.

சாயபு மெதுவா எழுந்தாரு. அப்போ அவர் மூஞ்சியைப் பார்த்தேன். இத்தனை நாளா எந்த மூஞ்சிக்குப் பயந்தேனோ, அது இதுதான்.

"உப்பு, தோலு எல்லாம் போகட்டும். எம் பொண்ணு என் கண்ணைப் பார்க்காம பேசுறது இன்னிக்குத்தான் முதல் தடவை. நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

பின்னாடி ஒரு மாட்டு வண்டி ஆத்துல இறங்க வந்துச்சு. அவர் கையைக் காட்டி நிறுத்தி, குழந்தையை வைக்கோல் மேல ஏத்தி உட்காரவச்சு, தானும் பக்கத்துல உட்கார்ந்தாரு. மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் போக ஆள் அனுப்புறேன், அதுவரைக்கும் இருன்னு என்கிட்ட நேராச் சொல்லாம வண்டிக்காரன் மூலமாச் சொல்லவச்சாரு. மழை பிடிச்சுக்கிச்சு. நான் சைடுகார் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்.

வண்டி தண்ணியில இறங்குறப்போ குழந்தை திரும்பிப் பார்த்துச்சு. அவங்க அத்தா அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அது என்னைப் பார்த்து, நான் சொல்லவே இல்ல பாருன்னு, வாய் மேல விரலை வச்சுக் காட்டிச்சு.